நிர்வாக உரிமை இல்லாதார் அமைக்கும் களஞ்சியம்

(ஆராய்ச்சி மாணவர்களுக்காக நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்குச் சிறியது. ஆயினும், கணினியைத் துணைக்கொண்டு ஆராய்ச்சி செய்யும் எவரும் என்றேனும் ஒரு நாள் அதன் எதிரே வந்து நின்றே தீர வேண்டியது. பல்கலைக்கழகத்தின் பொது சர்வர் ஒன்றில் ஒரு மாணவருக்குக் கணக்கு இருக்கிறது. அவர் எழுதிய நிரல்களும், அளவீட்டுக் கோப்புகளும், ஆய்வேட்டின் அத்தியாயங்களும் அங்கே இருக்கின்றன. அவற்றில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார் செய்தார், எப்பொழுது செய்தார், எதற்காகச் செய்தார் என்ற குறிப்போடு பதிந்து வைக்கும் ‘கிட்’ என்னும் கருவியை அவர் கையாண்டு வருகிறார். அந்தப் பதிவுகளை வீட்டு லேப்டாப்பிலிருந்து எடுக்கவும் சேர்க்கவும் வேண்டும். வெளியூரில் உள்ள சக ஆய்வாளருக்கும் அந்தச் சௌகரியம் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஆனால் அவரிடம் ‘ரூட்’ உரிமை இல்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு மென்பொருளை நிறுவவோ, புதிய பயனர் ஒருவரைச் சேர்க்கவோ, ஒரு சேவையை இடைவிடாது ஓட வைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை.

இந்த நிலையில் அகப்பட்டவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை நாடுகிறார்கள். ஒரு சாரார், நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று சோர்ந்து, கோப்புகளை எல்லாம் ஜிப் செய்து, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் இரண்டு’, ‘இதுதான் ஃபைனல்’ என்று பெயரிட்டு மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்குகிறார்கள். சில மாதங்களில் எது எதற்கு முந்தியது என்பது அனுப்பியவருக்கே விளங்காமற் போகிறது. மற்றொரு சாரார், சினேகத்தின் மிகுதியால் தம் கடவுச்சொல்லையே நண்பரிடம் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணத்திலிருந்து அவர்களுடைய கணக்கில் நடப்பது எதற்கும் அவர்களால் சாட்சி சொல்ல இயலாது. இவ்விரண்டும் அவசியமே இல்லை என்பதைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

தொலைவிலிருந்து இத்தகைய பதிவுகளின் களஞ்சியம் ஒன்றை அணுகுவதற்கு நிர்வாக உரிமை வேண்டும் என்பது தொழில்நுட்பம் விதித்த நிபந்தனை அன்று; பழைய கருவிகளின் அமைப்பிலிருந்து வந்து நம் மனத்தில் தங்கிவிட்ட ஒரு வழக்கம், அவ்வளவே. நிர்வாகி என்பவர் இரண்டு பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்: ஒன்று அதிகாரம், மற்றொன்று பொறுப்பு. அதிகாரம் இல்லாமலே களஞ்சியம் அமைத்துக்கொள்ளலாம். பொறுப்பு இல்லாமல் அமைக்க முடியாது.

பழைய கருவிகளும் அவற்றின் தேவையும்

கோப்புகளின் பதிப்புகளைக் காத்து வைக்கும் முயற்சி, பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்டு என்பவர் 1972-இல் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ். என்ற கருவியோடு தொடங்கியது எனலாம். பத்தாண்டுகளுக்குப் பின் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் டிக்கி ஆர்.சி.எஸ். என்ற கருவியைத் தந்தார். இவை இரண்டும் ஒரே கணினியில் உள்ள கோப்புகளைக் காப்பவை. ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால் அதைப் பூட்டிவைத்து மற்றவரைக் காத்திருக்கச் செய்பவை. ஆம்ஸ்டர்டாமில் டிக் கிரூன் என்ற ஆசிரியர், தம் மாணவர் இருவரோடு சேர்ந்து ஒரு கம்பைலரை எழுதி வந்த காலத்தில், மூவரும் வேலை செய்யும் வேளைகள் ஒன்றோடொன்று ஒத்துவராமையால், பூட்டிக் காத்திருக்கும் அந்த முறையைக் கைவிட்டு, ஒரே கோப்பை மூவரும் திருத்திப் பின்னர் இணைத்துக்கொள்ளும் சி.வி.எஸ். என்ற முறையைக் கண்டு, 1986-இல் அதனை உலகுக்கு அளித்தார். ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து வேலை செய்ய முடியாத சங்கடத்திலிருந்து பிறந்த கருவி அது. இன்று நம் முன் உள்ள சங்கடமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சி.வி.எஸ். வளர்ந்து வலையமைப்பின் வழியாக எட்டத்தக்கதாக ஆனபோது, ‘பி-சர்வர்’ என்ற ஏற்பாடு பரவலாயிற்று. அது 2401 என்ற போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வலையமைப்பு வாசலில், காத்திருக்கும் ஒரு சேவை. அதனை அமைக்க சர்வரின் பொது அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்தக் கோப்போ நிர்வாகியின் கையில் இருப்பது. அதற்குப் பின் 2004-இல் முதல் பதிப்பு வெளியான சப்வெர்ஷன் என்ற கருவியைப் பலர் அப்பாச்சி வெப்சர்வரோடு இணைத்தே பயன்படுத்தினார்கள். அங்கும் வெப்சர்வரின் அமைப்பை மாற்ற நிர்வாகியின் சம்மதம் வேண்டியிருந்தது. இவ்வாறு, தொலைதூரக் களஞ்சியம் என்றாலே அது ஒரு சேவை, சேவை என்றாலே அது ஒரு போர்ட், போர்ட் என்றாலே அது நிர்வாகியின் அனுமதி என்ற எண்ணம் ஒரு தலைமுறையின் மனத்தில் வேரூன்றிவிட்டது.

இந்த எண்ணம் தகர்வதற்குக் காரணமாக இருந்தது, பதிப்பு மேலாண்மையோடு நேரடிச் சம்பந்தம் இல்லாத வேறொரு கண்டுபிடிப்பு. 1995-இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடியதைக் கண்டு, அங்கு ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யில்லோனன் என்பவர், பேச்சு முழுவதையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்ற நெறியை வகுத்தார். இன்று ஏறத்தாழ எல்லா யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களிலும் 22 என்ற போர்ட்டில் அது காத்திருக்கிறது. நிர்வாகி அதனை அமைத்தது நாம் உள்ளே நுழைந்து வேலை செய்வதற்காகத்தான். ஆனால் எஸ்.எஸ்.எச். நம்மை உள்ளே விடுவதோடு நிற்பதில்லை. நாம் குறிப்பிடும் ஒரு நிரலை அந்த சர்வரில் ஓட்டி, அதன் உள்ளீட்டையும் வெளியீட்டையும் நம் கணினியில் உள்ள மற்றொரு நிரலோடு பிணைத்தும் தரும். இந்த ஒரு குணமே போதும். தனிச் சேவையும் வேண்டாம், புதிய போர்ட்டும் வேண்டாம்.

பயனரின் கையில் உள்ளவை

பொது சர்வரில் கணக்கு வைத்திருப்பவரின் நிலை, பழைய நாளைய ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தவரின் நிலையை ஒத்தது: தெருக்கதவின் தாழ்ப்பாளை மாற்ற அவருக்கு உரிமை இல்லை, புதிதாக ஒரு வாசலைத் திறக்க உரிமை இல்லை, ஆனால் தம் அறைக்குள் எந்தப் பெட்டியை எங்கே வைப்பது, தம்மைக் காண வருபவரை எதுவரை அனுமதிப்பது என்பதில் அவர் சொல்வதே சட்டம். யூனிக்ஸ் முறையில் 1024-க்குக் கீழ்ப்பட்ட போர்ட்டுகளைத் திறக்கும் உரிமை நிர்வாகிக்கே உரியது. அதற்கு மேற்பட்டவற்றைச் சாதாரணப் பயனரும் திறக்கலாம் என்பது உண்மையே. கிட் கருவிக்கென்றே 9418 என்ற போர்ட்டில் ஓடும் ஒரு சேவையும் உண்டு. ஆயினும் அந்தச் சேவை வருபவர் யார் என்று விசாரிப்பதில்லை. நிறுவனத்தின் ஃபயர்வாலும் பெரும்பாலும் அதனை வெளியே விடாது. முடியும் என்பதற்காகச் செய்யத்தகும் என்று ஆகிவிடாது.

ஆகவே பயனரிடம் உள்ளவை மூன்றே: தமக்கென ஒரு ஹோம் டைரக்டரி, எஸ்.எஸ்.எச். வழியாக நுழையும் உரிமை, தம் பெயரில் நிரல் ஓட்டும் உரிமை. கிட் கருவிக்கு இவற்றிற்கு மேல் எதுவும் வேண்டாம். 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில், லினக்ஸ் கர்னலுக்குப் பயன்பட்டு வந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமை திரும்பப் பெறப்பட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் அவசரமாக எழுதத் தொடங்கிய இக்கருவியில், களஞ்சியம் என்பது ஒரு டைரக்டரிக்குள் அடங்கிய சில கோப்புகளே. தரவுத்தளம் என்று தனியாக ஒன்று இல்லை. இன்னொரு விசேஷத்தையும் சொல்ல வேண்டும். கிட் கருவியின் மூலநிரலைப் பதிவிறக்கி, வேறு குறிப்பொன்றும் தராமல் ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்று இரண்டு கட்டளைகள் கொடுத்தால், அது சர்வரின் பொது இடத்தில் போய் அமர்வதில்லை. கொடுத்தவரின் ஹோம் டைரக்டரிக்குள் உள்ள ‘பின்’ என்ற டைரக்டரியில்தான் அமர்கிறது. நிர்வாக உரிமை இல்லாதவரையே அதை எழுதியவர்கள் முதற்பயனராகக் கருதினார்கள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. விண்டோஸ் கணினியிலும், நிறுவும் உரிமை இல்லாதவர் விரித்த மாத்திரத்தில் ஓடும் ‘போர்ட்டபிள் கிட்’ கிடைக்கிறது.

அமைக்கும் முறை

முதலில் சர்வரில் உள்ள நம் ஹோம் டைரக்டரிக்குள் ‘ஆய்வேடு.கிட்’ என்பது போல ஒரு டைரக்டரியை ஏற்படுத்தி, அதற்குள் ‘கிட் இனிட்’ என்ற கட்டளையை ‘--பேர்’ என்ற குறிப்போடு கொடுக்க வேண்டும். இவ்வாறு பிறக்கும் களஞ்சியத்தில் வரலாறு மட்டுமே இருக்கும். திருத்துவதற்குரிய கோப்புகளின் நகல் இராது. பலர் வந்து சேர்க்கும் இடத்தில் திருத்தும் நகலும் இருந்தால், ஒருவர் புஷ் செய்யும்போது, அதாவது தம் மாற்றங்களை அங்கே அனுப்பிச் சேர்க்கும்போது, வரலாறு முன்னேறி நகல் பின்தங்கி நின்று குழப்பம் விளையும். இதனை உணர்ந்தே, அத்தகைய களஞ்சியத்தில் நடப்பிலுள்ள கிளைக்குப் புஷ் செய்வதைக் கிட் கருவி 2010-இல் வந்த 1.7.0 பதிப்பு முதலாக மறுத்துவிடுகிறது.

அடுத்தது சாவி. நம் லேப்டாப்பில் ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ என்ற கட்டளையால் இரண்டு சாவிகள் பிறக்கும். அந்தரங்கச் சாவியை எவருக்கும் தராமல், ஒரு ரகசியச் சொற்றொடரால் காத்து, நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பொதுச் சாவியை, சர்வரில் உள்ள நம் ‘.எஸ்எஸ்எச்’ டைரக்டரியின் ‘ஆதரைஸ்டு_கீஸ்’ என்ற கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தபின், லேப்டாப்பில், களஞ்சியத்தை நகலெடுக்கும் ‘கிட் குளோன்’ என்ற கட்டளையைக் கொடுத்து, நம் பயனர்பெயர், ‘@’ குறி, சர்வரின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, களஞ்சியத்தின் பெயர் என்று எழுதினால், காரியம் முடிந்தது.

இந்தக் கணத்தில் திரைக்குப் பின்னே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். லேப்டாப்பில் உள்ள கிட், எஸ்.எஸ்.எச். நிரலை அழைத்து, ‘அந்த சர்வரில் கிட்-அப்லோட்-பேக் என்ற நிரலை, இந்தக் களஞ்சியத்தின் பெயரைச் சொல்லி ஓட்டு’ என்கிறது. சர்வரில் அந்த நிரல் நம் பெயரிலேயே, நம் உரிமைகளோடேயே எழுகிறது. தன்னிடம் உள்ள கிளைகளின் பட்டியலைச் சொல்கிறது. வேண்டியதைக் கேட்டறிந்து, சுருக்கிக் கட்டி அனுப்பிவிட்டு மறைகிறது. புஷ் செய்யும்போது அப்லோட்-பேக்குக்குப் பதிலாக ரிசீவ்-பேக் எழுகிறது. உரையாடல் முடிந்தபின் சர்வரில் எந்த நிரலும் எஞ்சி நிற்பதில்லை. நெடுநேரம் ஓடும் நிரல்களைத் தேடி நிறுத்தும் நிர்வாகியின் கண்காணிப்புக்கும் இங்கே வேலை இல்லை.

முதல் முயற்சியில் வரும் இடர்கள்

இவ்வளவு எளிதாயின் இதற்கு ஒரு சொற்பொழிவு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நடைமுறையில் முதல் முயற்சி பலருக்கும் பலிப்பதில்லை. பலிக்காததற்கான காரணங்கள் ஒரு சிலவே. அவற்றை முன்கூட்டியே அறிந்திருந்தால் நாட்கணக்கில் அலைய வேண்டாம்.

முதலாவது, கிட் கருவியை நம் ஹோம் டைரக்டரியிலேயே நிறுவிக்கொண்டவர்க்கு நேர்வது. சர்வரில் நேரில் நுழைந்து பார்த்தால் கிட் ஓடுகிறது. வெளியிலிருந்து குளோன் செய்தாலோ ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்ற மறுமொழி வருகிறது. நிரல்களை எங்கெங்கே தேட வேண்டும் என்பதைக் கூறும் ‘பாத்’ என்ற வரியை நாம் ‘.பாஷ்_ப்ரொஃபைல்’ என்ற கோப்பில் எழுதியிருப்போம்; அந்தக் கோப்போ நாம் நேரில் நுழையும்போது மட்டுமே படிக்கப்படுவது. ஒரே ஒரு கட்டளையை ஓட்டுவதற்காக எஸ்.எஸ்.எச். வழியே வரும்போது, கட்டளைகளை ஏற்று ஓட்டும் பாஷ் என்ற நிரல் படிப்பது ‘.பாஷ்ஆர்சி’ என்ற கோப்பை. அதிலே எழுதினாலும் போதாது. டெபியன், உபுண்டு முதலிய அமைப்புகளில் அந்தக் கோப்பின் தலைப்பிலேயே, ‘பயனர் நேரில் உரையாடவில்லை எனில் இத்துடன் திரும்பிவிடு’ என்ற பொருளில் சில வரிகள் இருக்கும்; நம் வரியை அவற்றிற்கு மேலே எழுதவில்லையானால் அது படிக்கப்படவே மாட்டாது. இதிலெல்லாம் கை வைக்க விரும்பாதவர், குளோன் செய்யும்போதே ‘--அப்லோட்-பேக்’ என்ற குறிப்பால் அந்த நிரலின் முழு முகவரியையும் சொல்லிவிடலாம். பின்னர் லேப்டாப்பின் கிட் அமைப்பில் அனுப்பும் புஷ்ஷுக்கும் எடுக்கும் ‘புல்’லுக்கும் உரிய முகவரிகளை ஒரு முறை எழுதிவைத்தால் போதும்.

இரண்டாவது இடர் இதற்கு நேர்மாறானது. படிக்கப்படாத கோப்பால் வராமல், படிக்கப்பட்ட கோப்பால் வருவது. உற்சாகமுள்ள மாணவர் ஒருவர், தாம் நுழையும்போதெல்லாம் திரையில் ஒரு வரவேற்புரை தோன்ற வேண்டும் என்று ‘.பாஷ்ஆர்சி’ கோப்பில் ஆங்கிலத்தில் ‘வெல்கம்’ என்று எழுதும்படி ஒரு வரி சேர்த்திருப்பார். கிட் தன் பேச்சில் ஒவ்வொரு வரியின் முன்னும் அதன் நீளத்தைப் பதினாறடிமான எண்முறையில் நான்கு இலக்கங்களாகச் சொல்வது வழக்கம். மறுமுனையில் காத்திருக்கும் லேப்டாப்போ, முதலில் வந்த நான்கு எழுத்துகளை நீளம் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த நான்கு எழுத்துகள் வரவேற்புரையின் முதல் நான்கு எழுத்துகளாக இருக்கக் கண்டு, ‘நீளத்தைக் குறிக்கும் எழுத்து தவறானது’ என்று அவற்றையே எடுத்துக் காட்டி உரையாடலை முறித்துக்கொள்ளும். நிரலோ களஞ்சியமோ வலையமைப்போ பழுதாகவில்லை. இடையில் நுழைந்தது மரியாதை மட்டுமே. பிழைச்செய்தியின் இறுதியில் தெரியும் நான்கு எழுத்துகளைக் கூர்ந்து பார்ப்பவர் ஒரு நிமிஷத்தில் நோயைக் கண்டுகொள்வார். பாராதவர் களஞ்சியத்தையே அழித்து மீண்டும் அமைப்பார், பயனும் காணமாட்டார்.

மூன்றாவது இடர் ஓசையின்றி வருவது. பொதுச் சாவியைச் சரியாகவே சேர்த்திருந்தும், சர்வர் அதனைப் பாராதது போல மீண்டும் கடவுச்சொல்லைக் கேட்கும். நம் ஹோம் டைரக்டரியிலோ ‘.எஸ்எஸ்எச்’ டைரக்டரியிலோ பிறர் எழுதக்கூடிய உரிமை இருந்தால், அங்குள்ள சாவிப் பட்டியலைப் பிறர் மாற்றியிருக்கக்கூடும் என்ற நியாயமான சந்தேகத்தால் எஸ்.எஸ்.எச். அதனை ஏற்பதில்லை. ‘.எஸ்எஸ்எச்’ டைரக்டரிக்கு 700, சாவிப் பட்டியலுக்கு 600 என்று உரிமையைக் குறுக்கிவிட்டு, ஹோம் டைரக்டரியில் குழுவினருக்கும் பிறருக்கும் எழுதும் உரிமை இல்லாதபடி பார்த்துக்கொண்டால் சிக்கல் தீரும். மறுத்ததற்கான காரணத்தை சர்வர் எழுதாமல் இல்லை. நிர்வாகி மட்டுமே படிக்கத்தக்க பதிவேட்டில் எழுதிவைக்கிறது. நிர்வாக உரிமை இல்லாமையின் உண்மையான குறை இங்கேதான் தெரிகிறது. செய்ய இயலாதவை சிலவே. ஏன் நடக்கவில்லை என்று காண இயலாதவை பல. ஆகையால் உரிமை இல்லாதவர் கண்ணால் காண்பதற்குப் பதிலாகக் காரணகாரிய விசாரத்தாலேயே நோயை அறியப் பழக வேண்டும்.

பிறரை அனுமதித்தல்

இதுவரை சொன்னது தம் களஞ்சியத்தைத் தாமே எட்டுவதற்கு. மற்றொருவரையும் சேர்த்துக்கொள்ள விரும்பும்போதுதான் விஷயம் கனம் பெறுகிறது. நண்பரின் பொதுச் சாவியை நம் பட்டியலில் வெறுமனே சேர்த்துவிட்டால், கடவுச்சொல்லைச் சொல்லாமலே கணக்கு முழுவதையும் அவரிடம் கொடுத்ததாகிவிடும். நம் கடிதங்களையும் கோப்புகளையும் அவர் படிக்கலாம், அழிக்கலாம், நம் பெயரில் எதையும் ஓட்டலாம்.

எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தம் காரியத்துக்கு இன்றியமையாத அளவு உரிமையோடு மட்டுமே இயங்க வேண்டும் என்ற தத்துவத்தை வகுத்துக் கூறினார்கள். நிர்வாகி நமக்கு ரூட் உரிமை தர மறுப்பதும் இந்தத் தத்துவத்தின்படியே. அதே தத்துவத்தை, நம்மிடம் உள்ள சிறு உரிமையைப் பிறருக்குப் பகுத்துக் கொடுக்கும்போது நாமும் கையாளலாம். சாவிப் பட்டியலில் ஒரு சாவியின் முன்னால் ‘கமாண்ட்’ என்ற குறிப்பை எழுதி ஒரு நிரலின் பெயரைக் கொடுத்தால், அந்தச் சாவியோடு வருபவர் எதைக் கேட்டாலும் சர்வர் அந்த ஒரு நிரலையே ஓட்டும். அவர் கேட்டது என்ன என்பது ஒரு மாறியில் வைக்கப்பட்டு அந்த நிரலின் பரிசீலனைக்கு வரும். அங்கே ‘கிட்-ஷெல்’ என்ற நிரலை அமர்த்திவிட்டால், வந்தவரால் கிட் சம்பந்தமான சில காரியங்களைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது. கூடவே, 2016-இல் வந்த, எஸ்.எஸ்.எச். மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் 7.2 முதல் கிடைக்கும் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்தால், நம் சர்வரின் வழியாக வேறு கணினிகளுக்குப் பாதை போடுவது முதலிய வாய்ப்புகளும் அடைபடும். நிர்வாகி அல்லாத ஒருவர், தம்மினும் குறைந்த உரிமையுடைய ஒருவரை இவ்வாறு நியமிக்கிறார். அதற்கு எவரிடமும் விசேஷ அதிகாரம் பெறவேண்டியதில்லை.

ஆனால் கிட்-ஷெல், வந்தவர் யார் என்று வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. நம் கணக்குக்கு எட்டும் எல்லாக் களஞ்சியங்களும் அவருக்கும் எட்டும். கமிட் என்னும் ஒவ்வொரு பதிவிலும் காணப்படும் பெயரும் எழுதியவர் தாமே சொல்லிக்கொண்ட பெயர்தான், சாட்சியம் ஆகாது. இவர் இந்தக் களஞ்சியத்தைப் படிக்கலாம், அவர் அந்தக் கிளையில் எழுதலாம் என்று பகுத்து ஆள விரும்புவோர்க்கென்று சீதாராம் சாமர்த்தி என்ற இந்தியர் உருவாக்கிய கிட்டோலைட் என்ற மென்பொருள் இருக்கிறது. அது சாதாரணப் பயனர் ஒருவரின் கணக்கிலேயே அமைவது. எத்தனை பேர் வந்தாலும் சர்வரின் கண்ணுக்கு அவர்கள் ஒரே பயனர். யார் எவர் என்பதைச் சாவியைக் கொண்டு கிட்டோலைட் தீர்மானிக்கிறது. லினக்ஸ் கர்னலின் இல்லமான கெர்னல்.ஆர்க் சர்வர்களில் 2011 ஆகஸ்டில் ஊடுருவல் கண்டறியப்பட்ட பின், அங்கே நூற்றுக்கணக்கானவர்க்கு இருந்த ஷெல் நுழைவை விலக்கி, இந்தக் கிட்டோலைட்டின் வழியாகவே களஞ்சியங்களை எட்டும்படி மாற்றி அமைத்தார்கள். அதிகாரம் மிகுந்தவர்களே அதிகாரத்தைச் சுருக்கிக்கொள்ளத் தேர்ந்த வழி, அதிகாரம் இல்லாதவருக்கென்று அமைந்த வழியாகவே இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

எழுதும் உரிமையே வேண்டாத வழி

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். ஒருவருடைய களஞ்சியத்தில் மற்றவர் எழுதவேண்டும் என்பதே அவசியந்தானா? கிட் கருவியில் ஒவ்வொரு குளோனும் முழு வரலாற்றையும் உடையது. ஆகவே நீங்கள் உங்கள் இடத்தில் எழுதுங்கள், நான் என் இடத்தில் எழுதுகிறேன், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து எடுத்துக்கொள்வோம் என்ற முறையே அதன் இயல்புக்கு மிகவும் ஏற்றது. லினக்ஸ் கர்னலில் டோர்வால்ட்ஸின் களஞ்சியத்தில் பிறர் எழுதுவதில்லை. பகுதிப் பொறுப்பாளர்கள் தம் தம் களஞ்சியங்களைச் சுட்டிக்காட்டி வேண்டுகோள் விடுக்க, அவரே எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்.

பல்கலைக்கழக சர்வரில் பயனருக்கு ஒரு ‘பப்ளிக்_ஹெச்டிஎம்எல்’ டைரக்டரி இருந்தால், களஞ்சியத்தின் நகலை அதில் வைத்து, புஷ் நிகழும்தோறும் ‘கிட் அப்டேட்-சர்வர்-இன்ஃபோ’ என்ற கட்டளை தானே ஓடும்படி செய்துவிட்டால், சாதாரண வெப்சர்வரின் வழியாக யாரும் அதனைக் குளோன் செய்யலாம்; ஆனால் அதில் வைப்பது ஊரறிய வைப்பது என்பதை மறக்கலாகாது. இருவருக்கும் ஒரே சர்வரில் கணக்கு இருந்தால், ‘செட்எஃப்ஏசிஎல்’ என்ற கட்டளையால், நிர்வாகி புதிய குழு அமைக்கும்வரை காத்திராமல், உரிமையாளர் தாமே குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் படிக்கும் உரிமை தரலாம். ஆனால் 2022 முதல் கிட் பிறருக்கு உரிய களஞ்சியத்தைச் சந்தேகத்தோடு பார்த்து மறுக்கும். அதனை நம்பலாம் என்று நாம் நம் அமைப்பில் வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும். வலையமைப்பே இல்லாத இடத்தில், ‘கிட் பண்டில்’ என்ற கட்டளை வரலாறு முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். அதனைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று அதிலிருந்தே குளோன் செய்துகொள்ளலாம்.

விதியும் பொறுப்பும்

இனி ஓர் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்வோம். இவையெல்லாம் நிர்வாகியின் கண்ணில் மண்ணைத் தூவும் யுக்திகள் அல்லவா என்று கேட்பவர் இருக்கலாம். நான் சொன்னவற்றுள் ஒன்றேனும் தடுக்கப்பட்ட கதவை உடைப்பது அன்று. எல்லாம் நிர்வாகி திறந்து வைத்த வழியிலேயே, அவர் கொடுத்த உரிமைக்குள்ளேயே நடப்பவை. ஆயினும் கணினியின் அனுமதி வேறு, நிறுவனத்தின் அனுமதி வேறு. தம் கணக்கின் வழியாகப் பிறரை அனுமதிப்பதைப் பல நிறுவனங்கள், அது எத்துணைக் குறுகிய அனுமதியாயினும், விதியால் தடை செய்திருக்கின்றன. அத்தகைய இடத்தில் அந்த விதியை மதித்து, படித்து எடுத்துக்கொள்ளும் முறையைக் கைக்கொள்வதே தகும். அல்லது இன்ன காரியத்துக்கு, இன்னாருக்கு, இவ்வளவு உரிமை வேண்டும் என்று நிர்வாகிக்குத் தெளிவாக விண்ணப்பிக்க வேண்டும். ரூட் உரிமை வேண்டும் என்று கேட்கும் கடிதத்தைவிட, இருவர் அடங்கிய ஒரு குழு வேண்டும் என்று கேட்கும் கடிதம் விரைவில் சம்மதம் பெறும் என்பதை நிர்வாகிகளோடு பழகியவர் அறிவர்.

அதிகாரமின்றி அமைத்தவருக்குப் பொறுப்பு எஞ்சுகிறது என்று முதலில் சொன்னேன். சாவிப் பட்டியலின் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது யாருடையது என்று குறித்து வைக்க வேண்டும். கூட்டுறவு முடிந்த அன்றே அந்த வரியை நீக்கிவிட வேண்டும். டிஸ்க் ஒதுக்கீடு நிறைந்துவிட்டதா என்று பார்த்துவர வேண்டும். நிறைந்தால் புஷ் தோற்கும், தோற்பது நமக்கு அன்றி நம் நண்பருக்குத் தெரியவரும். வேறொரு கணினியில் ஒரு நகலாவது எப்பொழுதும் இருக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, மாணவரின் கணக்குக்கு ஆயுள் உண்டு. பட்டம் பெற்று வெளியேறிய சில நாளில் கணக்கு மூடப்படும், களஞ்சியமும் அதனோடு போகும். குளோன் செய்து வைத்தவர்களிடம் வரலாறு தப்பியிருக்கும். ஆனால் யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியலும், புஷ்ஷின்போது தாமே ஓடும்படி அமைத்த நிரல்களும் குளோனில் செல்வதில்லை.

ஆகையால் களஞ்சியம் அமைக்கும் நாளிலேயே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி, அந்தக் களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு கோப்பாக வைத்துவிடுங்கள்: இதில் எழுதக்கூடியவர் யார், படிக்கக்கூடியவர் யார், அமைத்தவர் போனபின் ஏற்று நடத்துபவர் யார்? மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்த பின்பே முதல் கமிட்டைச் செய்யுங்கள்.